மச்சான் பார்த்த நீர்நாய்கள்

என் மச்சான் என்னிடம் நேருக்கு நேர் பேசிய முதல் வாக்கியம், "நீங்க ரொம்பக் குறட்டை விடுறீங்க" என்பது. அவர் தங்கையை நான் கட்டிக்கொண்டு நான்கு வருடம் கழித்து, மனித வாடையே இல்லாத ஒரு சதுப்பு நிலத்தின் நடுவில், மரக்கால்கள் மேல் நின்ற ஒரு குடிசையில், பொழுது புலர்கிற நேரத்தில் அதைச் சொன்னார்.

அதற்கு முன்னால் அவர் என்னோடு பேசவே இல்லை என்று சொன்னால் பொய். பேசினார், ஆனால் என் மனைவி வழியாகப் பேசினார். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். "அவரை உக்காரச் சொல்லு பாப்பா" என்பார். "அவர் டீ குடிச்சாச்சான்னு கேளு" என்பார். நான் எதிர் நாற்காலியில்தான் இருப்பேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை. "ஆச்சுன்னு சொல்லு" என்பேன். என் மனைவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் என்ன டெலிபோன் எக்சேஞ்சா?" என்று எழுந்து போய்விடுவாள். அவள் போனதும் எங்கள் இருவருக்கும் லைன் கட்டாகிவிடும். அவர் சீலிங் ஃபேனைப் பார்ப்பார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்ப்பேன்.

மச்சான் தையற்காரர். கோட்டும் கால்சட்டையும் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஊசிமுனை நாசூக்கு, சோடாபுட்டிக் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. அப்பா அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்த்தவர் அவர்தான். நான் லிஃப்ட் மெக்கானிக். பரிசோதனைக் கூடம் இருந்த கட்டடத்தில் ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கதவை நெம்பித் திறந்தால், உள்ளே ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு ஏதோ விலங்குகளைப் பற்றிய புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பயந்திருப்பாள் என்று நினைத்து, "ஒண்ணுமில்லைங்க, வெளிய வாங்க" என்றேன். "இன்னும் ரெண்டு பக்கம்தான் பாக்கி, அதுக்குள்ள எதுக்குத் திறந்தீங்க?" என்றாள். அவள்தான் என் மனைவி.

"லிஃப்ட்டுல மாட்டுனவ இன்னும் வெளிய வரல" என்று மச்சான் சொந்தக்காரர்களிடம் சொல்வதாக என் காதுக்கு வந்தது. என் நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அவர் வருவதற்கு முன்னாலும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். அதிலும் எரிச்சல்தான் மிச்சம்.

என் மனைவிக்கு விலங்குகள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் குட்டைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், ஒரு கொக்கைப் பார்க்க ஒரு மணி நேரம் உட்கார வைப்பாள். அவளுடைய பெரிய கனவு நீர்நாய்கள். மிருகக்காட்சி சாலையில் இருப்பது இல்லை. பஸ் போகும் கடைசி ஊரைத் தாண்டி, படகிலும் போய், அப்புறம் முதுகில் மூட்டையோடு நடந்தால் வருகிற அந்தப் பெரிய சதுப்பில், குடும்பம் குடும்பமாகத் திரிகிற நீர்நாய்கள். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடியும் சில வாரங்கள் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தனி ஆளாகப் போக முடியாது, இரண்டு பேராவது இருக்க வேண்டும். மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, அந்த வருடம்தான் கிடைத்தது.

கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது, கழுவி விட்ட மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவள் அழுததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கால் உடைந்தபோது அழாதவள், கட்டுப் போட்ட டாக்டர் "ரெண்டு மாசம்" என்றதும் அழுதாள். மறுநாள் காலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனை வரச் சொன்னாள்.

மச்சான் வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம்.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள்.

"யாரு ரெண்டு பேரு?" என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"நீங்களும் அவரும். எனக்குப் பதிலா நாலு கண்ணு பாத்துட்டு வரட்டும். வந்து ஒண்ணு விடாம சொல்லணும்."

"அவருக்கு லீவு இருக்கான்னு கேளு" என்றார் மச்சான்.

"அவங்க கடைய யாரு பாத்துப்பாங்கன்னு கேளு" என்றேன் நான்.

"நான் எதையும் கேக்க மாட்டேன். எனக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு, இனிமே வாயும் உடைஞ்சதா நினைச்சுக்கங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்படித்தான் நாங்கள் கிளம்பினோம். தங்கைக்காக மச்சான் தன் கையாலேயே கான்வாஸ் துணியில் முதுகுப்பை ஒன்று தைத்து வைத்திருந்தார். அதை இப்போது அவரே மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவளுடைய தோளுக்கு அளவெடுத்துத் தைத்தது. அவர் முதுகில் அது பிள்ளைகளின் புத்தகப் பை போலத் தொங்கியது. பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். அவருக்கு ஜன்னல் இருந்தது. எனக்கு நடைபாதைக்கு அந்தப் பக்கத்து ஜன்னல்.

பஸ் நின்ற இடத்தில் ஒரு மரப்பாலமும் டீக்கடையும் படகும் இருந்தன. படகை ஓட்டியவள் ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் மூட்டைகளைத் தூக்கி எறிகிற மாதிரி உள்ளே வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மச்சான் அவளைப் பார்த்து, "அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காரச் சொல்லுங்க, படகு சாயுது" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏன், அவருக்குக் காது கேக்காதா?"

"கேக்கும்."

"அப்ப உங்களுக்கு வாய் பேச வராதா?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் துடுப்பைப் போட்டுக்கொண்டே எதிர்ப்பட்ட ஒரு நாரையிடம், "ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்றாள்.

முதல் குடிசையில் எங்களை இறக்கிவிட்டு, போக வேண்டிய வழியைச் சொன்னாள். உயரமான மண் வரப்பு ஒன்று நாணல் காட்டுக்குள் போகும். அதில் ஆங்காங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பங்கள் இருக்கும். கம்பத்தை விட்டு விலகக் கூடாது. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு குடிசை. மூன்றாவது குடிசைக்கு அவள் வேறு கால்வாய் வழியாகப் படகோடு வந்து நிற்பாள். "நடுவுல சண்டை போட்டுத் திரும்பிட்டா இங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படகின் சத்தம் அடங்கியதும்தான் அந்த இடம் என்னைச் சுற்றி விரிந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சாயங்காலம் வரும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நாணலும் கோரையும் அல்லி இலைகளும். இலைக்கோழிகள் நீண்ட விரல்களை அல்லி இலைமேல் பரப்பி வைத்து, தண்ணீர்மேல் நடப்பது போல நடந்து போயின. பட்ட மரமொன்றில் பாம்புத்தாரா இறக்கையை விரித்து, துவைத்துக் காயப்போட்ட கறுப்புச் சட்டை மாதிரி நின்றது. அழுகிய இலையும் மீனும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசம். என் மனைவி பக்கத்தில் இருந்தால் இந்நேரம் என் கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைத்திருப்பாள். அந்தக் கிள்ளல் இல்லாதது கையில் வலித்தது.

மச்சானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, யார் வழியாகச் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார். ஒரே அடுப்பில் முதலில் அவர் சமைத்துச் சாப்பிட்டார். அப்புறம் நான் சமைத்துச் சாப்பிட்டேன். படுத்தோம்.

விடிகாலையில்தான் அந்தக் குறட்டை வாக்கியம் வந்தது. எழுந்து உட்கார்ந்து, கலைந்த தலையோடு, பொறுக்கவே முடியாமல் சொன்னார்.

"நீங்க ரொம்பக் குறட்டை விடுறீங்க. எப்படித்தான் பாப்பா தூங்குறாளோ."

நான்கு வருடமாக ஓடாத லிஃப்ட் திடீரென்று அசைந்த மாதிரி இருந்தது.

"அவளும் விடுவா" என்றேன்.

"தெரியும். சின்ன வயசுலேருந்தே" என்றார். அப்புறம், பேசிவிட்டோமே என்ற கலவரத்தில் எழுந்துபோய்ப் பல் தேய்க்க ஆரம்பித்தார். வழக்கத்துக்கு மாறாக ரொம்ப நேரம் தேய்த்தார்.

இரண்டாவது நாள் நடை கடினம். வரப்பு பல இடங்களில் அறுந்துபோயிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றில் பாதத்தை வைத்து, பிடுங்கி, மறுபடி வைத்து நடந்தோம். அட்டைகளை உப்புத் தொட்டு உதிர்த்தோம். மத்தியானத்துக்கு மேல், கால்வாய் ஒன்றின் குறுக்கே போட்டிருந்த மரக்கட்டையில் மச்சான் எனக்கு முன்னால் ஏறினார். பாதி தூரம் போயிருப்பார். எதிர்க்கரையில் சேறு பூசிக் கிடந்த மரத்துண்டுக்குக் கண் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"நில்லுங்க! முதலை!" என்று கத்தினேன்.

கத்தியிருக்கக் கூடாது. அவர் துள்ளிப் பின்னால் கால் வைத்தார். கால் வழுக்கியது. தொப்பென்று இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். அந்தப் பக்கம் முதலையும் பயந்துபோய், சளப்பென்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ஒரே கால்வாயில் மச்சானும் முதலையும். நான் மரக்கட்டை மேல் குப்புறப் படுத்து, அவர் முதுகுப்பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். அவர் தைத்த தையல் என்பதால் அறுந்து தொலைக்கவில்லை. எப்படி ஏறினார், எப்படி இழுத்தேன் என்று இருவருக்குமே பிற்பாடு நினைவில்லை. கரையில் வந்து விழுந்து மூச்சு வாங்கியபோது அவர் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"கண்ணாடி" என்றார்.

கால்வாய் கலங்கிக் குழம்பாகக் கிடந்தது. ஒரு கம்பை வெட்டிக் கிளறிப் பார்த்தேன். சேறுதான் வந்தது. இறங்கித் தேடலாம் என்று நான் காலை நீட்டியபோது, என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாம். என் தங்கச்சிகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

மாற்றுக் கண்ணாடி கடை மேஜையின் இழுப்பறையில் இருந்தது. அவரிடம் என் விரல்களைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்டேன். "கை எங்க இருக்கு?" என்றார். திரும்பிப் போகிற தூரமும் முன்னால் போகிற தூரமும் ஒன்றுதான். படகு முன்னால்தான் வரும். அதனால் முன்னாலேயே போனோம். அவர் என் பையின் வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

லிஃப்ட்டைத் தளத்துக்குச் சமமாக நிறுத்தும்போது மேலே இருக்கிற ஆளுக்குக் குரல் கொடுப்போமே, அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. "இன்னும் ரெண்டு இஞ்ச் மேல... போதும்... இப்ப கீழ... மெதுவா... நிறுத்துங்க." அவருக்கும் இஞ்ச் கணக்கு என்றால் துல்லியம். ஒரு இடத்தில் "அரையடிப் பள்ளம்" என்றேன். காலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது எட்டு இஞ்ச்" என்று திருத்தினார். வழியில் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். மீன்கொத்தி என்றால் விட மாட்டார். "நீலம்னா எந்த நீலம்? ஸ்கூல் யூனிஃபார்ம் நீலமா, மயில் கழுத்தா?" அதுவரை எனக்கு நீலம் என்றால் நீலம்தான். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் நின்று, உற்றுப் பார்த்தேன்.

இரண்டாவது குடிசைக்குப் போய்ச் சேர்ந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கஞ்சி வைத்தேன். தட்டை அவர் கையில் கொடுத்தேன். கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பாதி சாப்பிட்டுவிட்டு, நான் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து ஆரம்பித்தார்.

"என் கடைப் பங்காளி ஒருத்தன் இருந்தான். தெரியுமில்ல?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"அவன் தம்பிக்குப் பாப்பாவக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். பாப்பாவ ஒரு வார்த்தை கேக்காமலே. அவ வந்து உங்களச் சொன்னா. அவ இஷ்டந்தான் முக்கியம்னு அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். அன்னைக்கே பங்கைப் பிரிச்சுட்டுப் போயிட்டான். இருபது வருஷச் சிநேகம்."

எனக்கு இது எதுவும் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

"அந்தக் கோவத்த உங்க மேல வெச்சேன். வேற யார் மேல வைக்கறது? ஒரு ஆறு மாசம் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"ஆறு மாசமா? நாலு வருஷம் ஆச்சே மச்சான்."

"கோவம் போயிடுச்சு. பேச்சு வரல" என்றார். "எந்த வார்த்தைல ஆரம்பிக்கறதுன்னு தெரியல. 'சாப்டீங்களா'ன்னு கேட்டா, இத்தனை நாள் ஏன் கேக்கலன்னு தோணும். நாள் ஆக ஆகக் கூச்சமாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் பஸ்ல வரும்போது, இன்னைக்குப் பேசிடணும்னு நினைச்சுட்டே வருவேன். உங்களப் பாத்ததும் வாய் பாப்பா பக்கம் திரும்பிடும்."

"நான் என் கையில இருக்கிற கிரீஸ்தான் காரணம்னு நினைச்சேன்."

"கிரீஸா?" என்று சிரித்தார். "என் விரலத் தொட்டுப் பாருங்க. ஊசி குத்திக் குத்திச் சல்லடை." கையை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. "கஞ்சியில உப்புக் கம்மி மாப்ளே" என்றார். அட்டைக்குப் போட்டே உப்பு பாதி தீர்ந்திருந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. நான் ஈரச் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தேன். மச்சான் குடிசையின் படியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரோ விசிலடிக்கிறாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பறவையா இருக்கும்."

"இல்ல. ஒண்ணு கேக்குது, இன்னொண்ணு பதில் சொல்லுது. பாருங்க."

படியில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே நாணலுக்கு நடுவில் ஒரு சிறிய மணல் திட்டு. நாணல் ஆடியது. தண்ணீரில் ஒரு கோடு விழுந்தது. அதன் முனையில் ஒரு தலை. பின்னால் இன்னொரு தலை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முழங்கையைப் பிடித்தேன். அவர் புரிந்துகொண்டார்.

"சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார். "ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ரெண்டு தலை. இல்ல, நாலு. பின்னால குட்டிங்க வருது. மொத்தம் ஏழு."

"எவ்வளவு நீளம்?"

"ஒரு கை நீளம் இருக்கும்."

"கைன்னா? முழுக்கைச் சட்டையா, அரைக்கையா? வால் சேத்தா, சேக்காமலா?"

"உடம்பு இருபத்தெட்டு இஞ்ச் இருக்கும். வால் தனி."

"நிறம்?"

"பழுப்பு." அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் நானே திருத்திக்கொண்டேன். "நனைஞ்சிருக்கு. கிரீஸ் தடவின கம்பிக் கயிறு மாதிரி மின்னுது. வெயில் பட்டா உள்ளுக்குள்ள செம்பு ஓடுது. தொண்டைக்குக் கீழ மட்டும் சாம்பல்."

"ம். லைனிங் துணி வேற நிறம்" என்றார் தனக்குள்.

பெரியது ஒன்று மீனோடு கரையேறியது. மீனை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து நறுக் நறுக் என்று கடித்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. "எலும்பையும் சேத்தா?" என்றார். "சேத்துத்தான்." இன்னொன்று மணலில் புரண்டு புரண்டு முதுகைத் துடைத்துக்கொண்டது. குட்டிகளில் ஒன்று தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நின்று கத்தியது. தாய் மேலே வந்து, அதைக் கழுத்துப்பட்டியில் கவ்வி, மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டது. அது முங்கி, எழுந்து, அலறிக்கொண்டு திரும்பக் கரையேறியது. மறுபடி தாய் கவ்வியது. மறுபடி போட்டது. நான் சொல்லச் சொல்ல மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"பாப்பாவுக்கு நீச்சல் கத்துக் குடுக்க நான் பட்ட பாடு இப்படித்தான்" என்றார். "காதக் கடிச்சு வெச்சுட்டா."

எவ்வளவு நேரம் இருந்தன என்று தெரியாது. போகும்போது முன்னால் போன பெரியது தண்ணீரில் நிமிர்ந்து நின்று, எங்கள் பக்கம் பார்த்தது. அதைச் சொன்னேன். மச்சான் அந்தத் திசையில் லேசாகத் தலையை ஆட்டினார், தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுவது போல. நாணல் மூடிக்கொண்டது. விசில் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுத் தேய்ந்தது. அப்போதுதான் நான் பேசுவதை நிறுத்தினேன். தொண்டை கட்டிப்போயிருந்தது. என் வாழ்க்கையில் அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசியது அன்றுதான்.

மூன்றாவது குடிசையில் படகுக்காரி காத்துக்கொண்டிருந்தாள். என் பையின் வாரை மச்சான் பிடித்திருக்க, நாங்கள் தொணதொணவென்று பேசியபடி வருவதைப் பார்த்து, துடுப்பை ஊன்றியபடி அப்படியே நின்றாள். "போகும்போது இருந்த ரெண்டு பேரு எங்க?" என்றாள்.

படகில் மச்சான் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். திரும்பி வரும்போதுதான் கண்ணாடி ஆற்றில் விழுந்ததாகச் சொல்ல வேண்டும். "தன்னாலதான் அண்ணன் போய்க் கஷ்டப்பட்டான்னு நினைச்சுருவா. நாலு கண்ணு பாக்கட்டும்னு அனுப்புனவ. நாலுமே பாத்ததாத்தான் இருக்கட்டும்."

வீட்டில், மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மச்சான் கண்ணாடியைப் பற்றி முதலில் சொல்லி முடித்தார். "திரும்பி வரும்போதுதான் பாப்பா" என்பதை மூன்று தரம் சொன்னார். அப்புறம் நீர்நாய்கள். ஏழையும் ஒவ்வொன்றாக அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மணலில் புரண்டதை நாற்காலியில் முதுகைத் தேய்த்துக் காட்டினார். அவள் கண்கள் அகல, வாய் திறந்து கேட்டாள். நடுநடுவே நானும் சேர்ந்துகொண்டேன்.

டீ போட நான் எழுந்தபோது அவள் கம்பை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணன் பாக்கல, இல்ல?" என்றாள் மெதுவாக.

"யாரு சொன்னா?"

"கிரீஸ் தடவின கம்பிக் கயிறுன்னு ஒரு டெய்லர் சொல்லுவாரா? நீங்க என்னடான்னா வாலத் தனியா வெச்சு இருபத்தெட்டு இஞ்ச்ங்கறீங்க. அளவு நாடா எடுத்துட்டா போனீங்க?"

நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு டீத்தூளைத் தேடுவது போல நடித்தேன்.

"அவர்கிட்ட கேட்டுடாதே" என்றேன்.

"கேப்பனா? எனக்கென்ன பைத்தியமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து மச்சானின் குரல் வந்தது. "மாப்ளே! சர்க்கரை கம்மியாப் போடுங்க!" அவள் என் கையைக் கிள்ளினாள்.

மறு வருடம் மூன்று பேரும் போனோம். மச்சான் இரண்டு கண்ணாடி கொண்டுவந்தார், இரண்டுக்கும் கயிறு கட்டி. நீர்நாய்கள் வரவில்லை. மூன்று நாளும் மழை. என் மனைவி நனைந்த கோழி மாதிரி குடிசைப் படியில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு பறவைக்கும் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்பது போல, "இதோ இங்கதான், இந்தத் திட்டுலதான்" என்று மணலைக் காட்டிக்கொண்டே இருந்தோம். "விடுங்கப்பா, அதான் நான் பாத்தாச்சே" என்றாள். அதற்கப்புறம் குழந்தைகள், வீடு மாற்றம், என் முழங்கால். இப்போது அங்கே சிமென்ட் நடைபாதையும், மேலே ஏறிப் பார்க்கக் கோபுரமும் கட்டிவிட்டார்களாம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்துவிடலாமாம். போய்ப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, வேண்டாம் போலவும் இருக்கிறது.

மச்சான் கடைசி வரைக்கும் அந்தக் கதையைச் சொன்னார். அளவு கொடுக்க வந்து அசையாமல் நிற்கிறவனை விட்டால் வேறு யார் கிடைப்பார்கள்? ஏழு என்பது ஒன்பதாயிற்று. முதலை ஒரு ஆறடி வளர்ந்தது. நான் கடைக்குப் போனால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். ஒரு தடவை, நான் தாய் குட்டியைத் தூக்கிப் போட்ட இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கிட்டார்.

"அந்தக் கடைசிக் குட்டிய விட்டுட்டீங்களே மாப்ளே. கழுத்துல வெள்ளையா இருந்துச்சே. எல்லாம் போனப்புறம் அது மட்டும் நின்னு, மீன் செதில நக்கிட்டு அப்புறமா ஓடுச்சு. நீங்க சரியாப் பாக்கல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு உறுதியாகச் சொன்னார். வாடிக்கையாளர் வேறு என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்த்தார்.

"ஆமா மச்சான், மறந்துட்டேன்" என்றேன்.

அவர் போய் இது ஆறாவது வருடம். சில ஞாயிற்றுக்கிழமைகளில், குட்டைக்கரையில் என் மனைவி கொக்குக்காகக் காத்திருக்கும்போது, நான் அந்தக் காலையை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். நாணல் ஆடும், கோடு விழும், தலைகள் வரும், தாய் கவ்வும், பெரியது நிமிர்ந்து பார்க்கும், எல்லாம் போய்விடும். அப்புறம், கழுத்தில் வெள்ளையோடு ஒரு குட்டி மட்டும் திட்டில் நின்று, மீன் செதிலை நக்கிக்கொண்டிருக்கும்.